பைத்தலையர்

பேஸ்பால் மைதானத்தில் எதிரணியின் மூன்றாவது ஆளும் ஓசியிலேயே முதல் பேஸுக்கு நடந்து போனான். மட்டையை அவன் அசைக்கவே இல்லை. கோல்பி வீசிய பந்து ஒன்றாவது அவன் பக்கம் வந்தால்தானே!

"டேய், அடிக்கிறவன் அங்க நிக்கிறான்டா! பாப்கார்ன் விக்கிறவனுக்கா வீசறே?" என்று தலையில் மாட்டிய காகிதப் பைக்குள்ளிருந்து கத்தினார் ஹார்லன் டுபிக்கி. அதோடு விடாமல் முன்வரிசையிலிருந்து பின்னால் திரும்பி, இரண்டு கையையும் ஆட்டிக் கூட்டத்தையும் ஊளையிட வைத்தார்.

தோற்றே பழகிய அணியின் ரசிகன் வெட்கத்தில் பை மாட்டிக்கொள்வது லார்க்டன் ஊரில் புதிதல்ல. உள்ளூர் மியூல்ஸ் அணியின் மட்டையடி தேவலை, ஓட்டம் தேவலை. பந்துவீச்சுதான் வயிற்றெரிச்சல். மற்றவர்கள் பாடுபட்டுச் சேர்த்து வைப்பதைக் கடைசியில் வரும் கோல்பி நொடியில் தாரை வார்ப்பான்.

ஹார்லன் முகத்தை மறைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளியூர் வீரர்களை ஊர்க்காரர்கள் வீட்டில் வைத்துச் சாப்பாடு போடுவது அங்கே வழக்கம். அவர் வீட்டு மாடியறையில் இருந்தவன் சாட்சாத் அந்தக் கோல்பிதான்.

ஆட்டம் முடிந்ததும், சமையலறை இழுப்பறையில் கிடந்த பழைய சாப்பாட்டுப் பைகளிலிருந்து சுட்ட அந்தப் பையை மடித்து வண்டி இருக்கைக்கு அடியில் திணித்தார். கோல்பிக்கு முன்னால் வீடு போய், ஒன்றும் தெரியாதவர் போல சோபாவில் சாய்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் கோல்பி முட்டையைக் கிண்டிக்கொண்டே இருந்தான்.

"ஏன் கண்ணா, சாப்பிடலையா?" என்றார் ஹார்லனின் மனைவி லொரெட்டா. அணி பஸ்ஸில் வெளியூர் புறப்படும் நாள். பெரிய காகிதப் பையில் அவனுக்கு சாண்ட்விச் அடுக்கி, வழக்கம்போல மேலே தடித்த பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆள் வர்றார் ஆன்ட்டி. தலையில பை. நான் பந்தைத் தொட்டாலே கத்தறார். பந்து எங்கெங்கயோ போயிடுது."

"எந்தக் கட்டையில போறவன் அவன்? என் கையில மாட்டட்டும், அன்னிக்கு இருக்கு!"

ஹார்லனுக்குக் காபி புரை ஏறியது.

"வர்ற சனிக்கிழமையும் சொதப்பினா மூட்டை கட்டிக்கோன்னு மேனேஜர் சொல்லிட்டார்" என்றான் கோல்பி.

லொரெட்டா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தார். பிள்ளையில்லாத அந்த வீட்டில் இந்தப் பையன் வந்த பிறகுதான் சிரிப்புச் சத்தமே கேட்டது. அது ஹார்லனுக்கும் தெரியும். நெஞ்சு உறுத்தியது.

"இனிமே நீ எங்க ரூம்ல படுத்துக்கோப்பா. அங்க ஏசி இருக்கு. நாங்க மாடிக்குப் போறோம்" என்றார் ஹார்லன்.

அணி ஊர் திரும்பி ஆடிய அடுத்த ஆட்டத்தில் அவர் வாயே திறக்கவில்லை. ஆனால் பையைக் கழற்ற முடியாது. கழற்றினால் பக்கத்து இருக்கைத் தபால்காரர் ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுவிடுவார். உம்மென்று உட்கார்ந்திருந்தார். அணி தோற்றது.

"நேத்து அந்த ஆள் கத்தலை அங்கிள்" என்றான் கோல்பி. "சும்மா முறைச்சுக்கிட்டே இருந்தார். அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு."

டிவி முன்னால் இருந்த ஹார்லனின் சாய்வு நாற்காலி அன்றைக்கே கோல்பிக்குப் போயிற்று.

சரி, பாராட்டித்தான் பார்ப்போமே என்று அடுத்த ஆட்டத்தில், "சபாஷ் கோல்பி! உன் கை தங்கக் கைடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பின்னால் திரும்பிக் கூட்டத்தையும் கைதட்ட வைத்தார். கோல்பி வீசிய அடுத்த பந்து அடி வாங்கி வேலிக்கு அப்பால் போய் விழுந்தது.

"நக்கல் பண்றார் அங்கிள். தாங்க முடியலை. ஊருக்கே போயிடலாம்னு இருக்கு."

"போகாதே கண்ணா! இந்தா, என் டிரக் சாவி. நாலு இடம் சுத்திட்டு வா, மனசு லேசாகும்." அந்த டிரக்கை ஹார்லன் பெண்டாட்டிக்குக்கூடத் தந்ததில்லை.

லொரெட்டா மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். "சனிக்கிழமை நானும் வர்றேன். அந்தப் பையைப் பிச்சு எறியலேன்னா நான் லொரெட்டா இல்லை!"

சனிக்கிழமை ஹார்லன் வெறுந்தலையோடு மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். மியூல்ஸ் ஒரே ஒரு ரன் முன்னால். பேஸ் எல்லாவற்றிலும் எதிரணி ஆட்கள், ஓடி ரன் எடுக்கக் காத்துக்கொண்டு. பந்து கோல்பி கையில். மட்டையோடு நிற்கும் இந்தக் கடைசி ஆளை அவுட்டாக்கினால் ஜெயம், இல்லையென்றால் கோல்பி மூட்டை கட்டவேண்டியதுதான்.

கோல்பி நிமிர்ந்து பார்த்தான். ஹார்லனின் வழுக்கையைக் கண்டுபிடித்து, பளிச்சென்று சிரித்தான். வீசினான். மட்டை காற்றை வெட்டியது. மறுபடியும். மறுபடியும். மூன்று தடவையும் தவறிவிட்டான், அவுட்!

ஹார்லன் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். லொரெட்டா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அந்தப் பைக்காரன் வரவே இல்லை பார்த்தியா ஹார்லன்! நான் வர்றேன்னு தெரிஞ்சதும் ஓடிட்டான்" என்றார்.

"ஓடியே போயிட்டான். இனிமே வரமாட்டான்" என்றார் ஹார்லன். பல நாள் கழித்து அன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டார்.

வெளியே அவருடைய டிரக்கை உறுமவிட்டுக்கொண்டு கோல்பி காத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எஸ்டெபன், மியூல்ஸில் பந்து பிடிக்கிறவன், ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"என்ன அங்கிள், இன்னிக்குப் பையைக் காணோம்? நீங்க கூட்டத்துப் பக்கம் திரும்பும்போதெல்லாம், 'எங்க கோல்பிக்கு, நல்லா சாப்பிடு கண்ணா, லொரெட்டா ஆன்ட்டி'ன்னு பின்மண்டையில படிச்சுப் படிச்சு எங்களுக்கு வயிறே புண்ணாப் போச்சு. டிரக் சாவி வர்ற வரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு கோல்பிதான் எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருந்தான்!"