கயிற்றுக்கு நாடி பார்த்தவர்

மனிதருக்கு நாடி பார்க்கும் பரியாரிமார் வவுனியாவிலிருந்து பரந்தன் வரை எத்தனையோ பேர். கயிற்றுக்கு நாடி பார்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் குடியேற்றத்தில் எனக்குப் பக்கத்துக் காணிக்காரர். பெயர் என்னவோ இருந்திருக்கும். ஊருக்கு அவர் கயித்துப் பரியாரியார்.

வழியில் மாடு கட்டி நின்றால் மாட்டைப் பார்க்கமாட்டார். கயிற்றைத் தடவி, மோந்து, ஒரு நாரை உருவிப் பல்லால் கடிப்பார். "தேங்காய்த் தும்பு ஊறினது காணாது. மாரி தாங்காது" என்பார். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் பட்டுச் சால்வையில் இழை ஒன்றை உருவி நெருப்புக்குச்சியால் கொளுத்தினார். "மயிர் கருகின மணம் வரேல்லை, கடதாசி மணம்தான் வருது. இது பட்டில்லை!" பிறகு நாலு வருசம் அவருக்கு ஒருவரும் கலியாணம் சொல்லவில்லை.

அவர் வேட்டியைப் பிடித்து நின்றது தானே திரித்த தும்புக் கயிறு. இடுப்பில் ஏழு சுற்று.

நான் கந்தோரில் கிளாக்கர். நாலு புத்தகம் வாசித்த கொழுப்பு வேறு. என் மனைவியின் சீதனப் பித்தளைக் குடம் என் கையால் கிணற்றுக்குள் போய்விட்டது. அடுத்த நாள் ரயில் கோச்சியில் மாமி வருகிறார். குடத்தைக் காணாவிட்டால் என் கதை முடிந்தது. கிணற்றில் இறங்கக் கடைக்கயிற்றை நம்பாமல் நானே தும்பு வாங்கித் திரித்தேன். மூன்று புரியையும் வலப்பக்கம் முறுக்கி, சேர்த்தும் வலப்பக்கமே முறுக்கினேன். ஒற்றுமைதானே பலம்!

பரியாரியார் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார்.

"தம்பி, இது சாகப்போற கயிறு. புரி வலமெண்டால் கயிறு இடம் போகோணும். புருசன் பெண்சாதி மாதிரி ஒண்டையொண்டு எதிர்த்து நிண்டால்தான் பிரியாது."

"எங்கட வீட்டிலை எதிர்ப்பே இல்லை" என்றேன். குசினிக்குள் இருந்து ஒரு சிரிப்புக் கேட்டது.

அயலவர் இருவர் பிடிக்க இறங்கி, குடத்தையும் எடுத்துவிட்டேன். பாதிவழி ஏறும்போது கயிறு தன் முறுக்கைக் கழற்றத் தொடங்கியது. நான் பம்பரமானேன். ஒரே கல்லைப் பதினெட்டுத் தரம் கண்டேன். 'படக்'. ஒரு புரி போய்விட்டது.

"குடத்தை விடு தம்பி!"

"மாட்டன்! நாளைக்கு மாமி வாறா!"

பரியாரியார் இடுப்பு ஏழு சுற்றையும் கழற்றி, நுனியில் வளையம் முடிந்து எறிந்தார். வேட்டி விழுந்தது. "பிள்ளையள், அங்காலை திரும்புங்கோ!" என்று பெண்களுக்குக் கட்டளை போட்டுவிட்டு, கோவணத்தோடு நின்று இழுத்தார். அவருடைய கயிறு கொஞ்சம் நீண்டு கொடுத்தது, பிறகு பிடித்தது. நானும் குடமும் கரையேறினோம். மானம் மட்டும் கிணற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"இது இஞ்சையே கிடக்கட்டும். உனக்கு இன்னும் தேவைப்படும்" என்று கயிற்றைக் கப்பியில் கட்டிவிட்டு, ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடி போனார். புதுக்கயிறு திரித்து முடியும்வரை அப்படியேதான் திரிந்தார்.

அதன்பிறகு கிழமைக்கு ஒருதரம் எங்கள் கிணற்றடிக்கு வருவார். கயிற்றைத் தடவி, "எப்பிடி, சுகமோ?" என்பார்.

கயிற்றைத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். என்றாலும் ஒவ்வொரு தரமும், "ஓம் பரியாரியார், சுகம்" என்று நான்தான் பதில் சொன்னேன்.