தூங்கப் போன கோப்புகள்

எண்டரைத் தட்டிய பிறகுதான் அட்மின், தான் என்ன தட்டினோம் என்று படித்துப் பார்த்தார். எப்போதும் அந்த வரிசையில்தான் செய்வார்.

கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடிக்கொண்டிருந்தன. இணையத்தில் எங்கோ வாடகைக்குப் பிடித்திருந்த கிடங்கிலிருந்து, வீட்டாரின் கோப்புகள் ஒவ்வொன்றாக அதன் ஆழ்குளிர் அறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. வருடக்கணக்கில் யாரும் தொடாத சரக்கைக் கிடத்திவைக்கும் இடம் அது. அவர் அனுப்ப நினைத்தது பழைய படங்கள் இருந்த ஒரே ஒரு கோப்புறையை. அந்தக் கோப்புறையின் பெயரை எழுத மறந்துவிட்டதால், கட்டளையை நிறைவேற்றும் கருவி மொத்தக் கிடங்கையும் அனுப்பிவிட்டது.

'நிச்சயமாகத்தானா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கருவியிடம் அவருக்குப் பிடித்ததே அதுதான். மவுஸ் பிடிக்கிறவர்களைத்தான் இரண்டு முறை கேட்பார்கள். கட்டளை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று அது நம்பியது. உலகத்தில் அவரை அப்படி நம்புவது அது ஒன்றுதான்.

அட்மின் என்பது வீட்டில் வைத்த பெயர். ஆறு மாதத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த நிறுவனம் அவருடைய பிரிவையே இழுத்து மூடியது. வீட்டில் வந்து உட்கார்ந்தவரிடம் மனைவிதான், "என் ஃபைலெல்லாம் ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடக்கு, கொஞ்சம் பாத்துக்கங்களேன்" என்று ஆரம்பித்துவைத்தாள். அப்புறம் மாமியாரின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. மைத்துனியின் அலுவலகக் காகிதங்கள் வந்தன. தினமும் ஏதாவது ஒன்று வந்து விழுந்தது. "ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்ல" என்று நண்பர்களிடம் அலுத்துக்கொள்வார். அலுப்பில் பெருமை வழியும்.

இப்போது வழிந்தது வியர்வை.

காரணம், மறுநாள் காலை மனைவிக்கு நேர்காணல். நகர நூலகத்தில் வெகுகாலமாகத் துணை நூலகராக இருப்பவளைத் தலைமை நூலகராக்கலாமா என்று ஐந்து பேர் உட்கார்ந்து யோசிக்கப் போகிறார்கள். அவர்கள் முன்னால் அவள் காட்ட வேண்டிய ஸ்லைடுகள் 'நேர்காணல் இறுதி' என்ற பெயரில் நேற்றுதான் அவர் பொறுப்பில் வந்திருந்தன.

மனைவி சாப்பாட்டு மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னோட ஃபைல் ஒண்ணு இருக்கில்ல..."

"ம்."

"அது பத்திரமா இருக்கு. ஆனா தூங்குது."

"எழுப்புங்க."

"எழுப்பலாம். எந்திரிக்கப் பன்னெண்டு மணி நேரம் ஆகும்."

"யார் வளர்ப்பு."

"நாளைக்குக் காலையில ரெடியாயிடும். கோவமா?"

"இல்லையே."

அவள் ஒரு தலையணை உறையை உதறி மடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த 'இல்லையே'யை அவர் கேட்டுவருகிறார். அவள் கத்தினால் பயமில்லை, மதியத்துக்குள் ஆறிவிடும். இப்படி நிதானமாகச் சொன்னால்தான் ஆபத்து.

அறைக்கு ஓடிவந்து, எழுப்புவதற்கான கட்டளையைத் தட்டினார். அவசரத்தில், எப்போதோ எழுதிவைத்திருந்த பழைய கட்டளையை அப்படியே எடுத்து ஒட்டினார். தட்டிய பிறகு படித்தார். மலிவு வேகம் என்று இருந்தது. அப்படியென்றால் இரண்டு நாள். நேர்காணல் முடிந்து, அவள் தோற்று, அழுது, முகம் கழுவி வந்த பிறகு கோப்பு கொட்டாவி விட்டபடி எழுந்து வரும்.

வேகத்தை மாற்றி மறுபடியும் தட்டினார். 'ஏற்கெனவே எழுப்பிக்கொண்டிருக்கிறேன்' என்ற பொருளில் கருவி ஒரு வரி எழுதிவிட்டு நின்றுகொண்டது. அரசு அலுவலகத்தில்கூட அவருக்கு இவ்வளவு சுருக்கமான பதில் கிடைத்ததில்லை.

சரி, மூலப்பிரதி மனைவியின் மடிக்கணினியில் இருக்குமே. அதை ஒரு புதுக் கிடங்கில் நகல் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, நாளைக்குக் கையில் கொடுத்துவிடலாம். நிமிடத்தில் புதுக் கிடங்கு ஒன்றைத் திறந்தார். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதிகப்படியாக இருப்பதை அழித்துவிடு என்று கட்டளை எழுதினார். முதலில் எழுதுவது மூலம், அடுத்து எழுதுவது நகல். அட்மின் முதலில் கிடங்கை எழுதினார், அடுத்து மடிக்கணினியை.

கருவி காலியான புதுக் கிடங்கைப் பார்த்தது. நிறைந்திருந்த மடிக்கணினிக் கோப்புறையைப் பார்த்தது. அதையும் அதே மாதிரி காலியாக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று அறிவித்தது. சொல் தட்டாத பிள்ளை.

அட்மின் நாற்காலியில் சாய்ந்தார். மாமியார் தண்ணீர் டம்ளரோடு உள்ளே வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?"

"அத்தை, உங்க ரத்த ரிப்போர்ட்டெல்லாம் போயிடுச்சு."

"போனா போகுது. ரத்தம் இங்கதானே இருக்கு?"

"அத்தனையும் அத்தை. ஒண்ணு பாக்கியில்ல."

"அதுக்கு ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? நாளைக்கு வேற ஒண்ணு போடறேன். முதல்ல தண்ணியக் குடிங்க."

இப்படி ஒரு பெரிய மனசு யாருக்கு வரும் என்று நினைத்தபடி அட்மின் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். இந்தக் குடும்பத்துக்கா நான் துரோகம் செய்தேன் என்று நொந்துகொண்டு, அழிந்ததை மீட்டுத் தரும் மென்பொருள் ஒன்றை இறக்கி, மடிக்கணினியைச் சல்லடை போட்டுச் சலித்தார். இருட்டுகிற நேரத்துக்கு ஒரே ஒரு கோப்பு கிடைத்தது. நேர்காணல் இறுதி.

உடனே திறந்தார். முதல் ஸ்லைடில் சமையலறைக் குழாய். இரண்டாவதில் அதே குழாய், பக்கவாட்டில். மூன்றாவதில் பாத்திரம் கழுவும் தொட்டி. நான்காவது கொஞ்சம் கலங்கல், ஆனாலும் குழாய்தான்.

அவருடைய தொழில் வாழ்க்கையில் கோப்புகள் பலவிதமாகக் கெட்டுப்போய்ப் பார்த்திருக்கிறார். ஒரு நூலகரின் லட்சியம் குழாயாகக் கெட்டுப்போனதை இப்போதுதான் பார்க்கிறார். மீட்பு மென்பொருள் எங்கெங்கோ கிடந்த துண்டுகளைத் தவறாக ஒட்டிவிட்டது என்று முடிவுகட்டினார். அதோடு அந்தக் கோப்பையும் கைவிட்டார்.

காலையில் மனைவி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது முழுவதையும் சொன்னார். தூங்கியது, அழிந்தது, குழாயானது எல்லாவற்றையும்.

அவள் கடைசிவரை கேட்டாள். "குழாயா" என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சட்டென்று திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அழாதம்மா."

"அழல. எனக்கு நேரமாச்சு. நீங்க சாப்பிடுங்க."

போய்விட்டாள்.

அட்மின் சாப்பிடவில்லை. உட்கார்ந்து தானே ஸ்லைடுகள் தயாரித்தார். அவள் வேலையைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று யோசித்ததில், கொஞ்சம் தெரிந்திருந்தது. மழை நாளில் புத்தகம் நனையாமல் இருக்க ஜன்னலோர அலமாரிகளை அவள்தான் தள்ளிப் போட்டாள். படிக்கத் தெரியாத ஒரு காவலாளிக்கு மதிய இடைவேளையில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். திருப்பித் தராதவர்களின் வீட்டுக்கே போய் டீ குடித்துவிட்டுப் புத்தகத்தோடு வந்தாள். எட்டு ஸ்லைடு ஆயிற்று. அதில் இரண்டு 'நன்றி'. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மைத்துனியின் ஸ்கூட்டரை மறித்தார்.

"லைப்ரரிக்கு விடு. அக்காவோட வாழ்க்கைப் பிரச்சினை."

"அத்தான், அதெல்லாம் வேண்டாமே..."

"ஏன் வேண்டாம்?"

"அதில்ல... சரி, ஹெல்மெட்ட மாட்டுங்க."

நூலகத்தின் மாடியில், கண்ணாடிச் சுவர் வைத்த கூட்ட அறை. அட்மின் மூச்சிரைக்க ஏறி, மூக்கு ஒட்டுமளவுக்குக் கண்ணாடியருகே போய் நின்றார்.

உள்ளே மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பெரிய திரையில், வாசகர் எண்ணிக்கை வருடா வருடம் ஏறுவதைக் காட்டும் அழகான வரைபடம். அதிலிருந்து அவள் அடுத்ததுக்குப் போனாள். புதிய குழந்தைகள் பிரிவின் வண்ண மாதிரி. எங்கும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. ஐந்து பேரும் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அது எங்கேருந்து வந்துச்சு?" என்றார் அட்மின்.

மைத்துனி எதிரே இருந்த அகராதி வரிசையை மும்முரமாகப் பார்த்தாள். "எது அத்தான்?"

"அந்த ஸ்லைடு. கிடங்குல தூங்குது. லேப்டாப்ல நானே அழிச்சேன்."

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வெச்சிருந்திருப்பா."

"அப்ப எங்கிட்டப் பத்திரமா வெக்கச் சொல்லிக் குடுத்தது?"

"அது வந்து... நீங்க பரவால்ல, வேகமா படி ஏறிட்டீங்க."

"நேத்துலேருந்து பாக்கறேன். உங்கக்காவக் கேட்டா 'இல்லையே'ங்கறா. உங்கம்மா தண்ணியக் குடிங்கறாங்க. நீயாவது நேரா ஒரு பதில் சொல்லு. ஆறு மாசமா நான் அதுல கட்டிக் காக்கறது என்ன?"

மைத்துனி ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அக்கா இவர்களைப் பார்த்துவிட்டுக் கையசைத்தாள்.

"குப்பை, அத்தான். உங்களுக்கு வேலை போனதும் அக்கா எங்களுக்கு முறை போட்டுக் குடுத்துட்டா, நீங்க பாத்துக்கறதுக்குன்னு தினம் ஒருத்தர் எதையாவது ஃபோட்டோ புடிச்சுப் போடறோம். இத்தனை மாசத்துல ஒருத்தர்கூட ஒரு நாள் முறை தவறல."