உள்ளங்காலில் இறங்கிய கொழுப்பு

காலை ஏழு மணிக்கே மாடிப்படி நிறையச் செருப்புகள். மேலே உள்ளங்கால் வைத்தியர் ஊராருடைய இரத்தக் கொழுப்பை உருக்கிக் கால் வழியாக இறக்கிக்கொண்டிருந்தார். அவர் தரும் மஞ்சள் காலுறையை மாட்டிக்கொண்டு, திரைக்கு அடியில் காலை மட்டும் நீட்ட வேண்டும். முகத்தைப் பார்த்தால் அவருடைய சக்தி குறைந்துவிடுமாம். பாவம், அவ்வளவு பூஞ்சையான சக்தி. தொட்டியின் சுடுநீரில் கால் பட்ட சற்று நேரத்தில் கொழுப்பு மிதக்கும். கூட்டம் வாய் பிளக்கும்.

கீழ்க்கடையில் செருப்புத் தைப்பவளும் வாய் பிளந்தவள்தான். கணவன் மாடி வைத்தியரை நம்பிக் கொழுப்பு மாத்திரையை நிறுத்தியபோது அவளும் தலையாட்டினாள். மாத்திரை செய்வது கண்ணுக்குத் தெரியவில்லை. தொட்டியில் மிதந்தது தெரிந்தது. அவளுடைய பயத்துக்கு அது போதுமாக இருந்தது.

மூன்றாம் வாரம் கணவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் நாத்தனார் அவனுடைய இரத்தப் பரிசோதனை முடிவுத்தாளோடு வந்தாள்.

"அண்ணி, கொலஸ்ட்ரால் முன்னைவிட ஏறியிருக்கு."

"அவ்வளவு வெளியே வந்துச்சே?"

"அதை நம்ம கல்லீரலே தினமும் செய்யுது. ஒவ்வொரு செல்லோட சுவருக்கும் வேணும், பித்தநீருக்கும் வேணும். அளவு மீறினாத்தான் ரத்தக்குழாய்ல படியும். உள்ளங்கால்ல அதுக்கு வாசல் கிடையாது."

"இன்னும் ரெண்டு தடவை போனா சரியாயிடும்," என்றான் கணவன், மாத்திரையைத் தள்ளிவைத்து.

அப்படியானால் மிதந்தது யாருடையது? அவள் பார்வை அலமாரியில் அடுக்கியிருந்த மரப்பாதங்களில் நின்றது. தோலை அவற்றின்மேல் அளவாக இழுத்துப் பிடித்துச் செருப்புத் தைப்பாள்.

மறுநாள் ஒரு மரப்பாதத்துக்கு மஞ்சள் காலுறையை மாட்டித் திரைக்கு அடியில் நீட்டினாள். கணவன் முன்வரிசையில் இருந்தான். கொழுப்பு மிதந்தது.

"ரொம்ப முத்திப்போச்சும்மா," என்றது திரைக்கு அப்பாலிருந்து குரல். "படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்குமே?"

"இதுக்கு நெஞ்சே இல்லீங்களே."

திரையை விலக்கி, மரப்பாதத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினாள்.

வைத்தியர் அசரவில்லை. "மரத்துக்கும் உயிர் உண்டும்மா."

"மரத்துக்கே இவ்ளோன்னா நமக்கு எவ்வளவு இருக்கும்," என்று பின்னாலிருந்து ஒருவர் கவலைப்பட்டார்.

அவள் ஊசியால் காலுறையின் ஓரத்தைப் பிரித்தாள். இரட்டைத் துணி, நடுவே, செருப்புத் தோல் மிருதுவாக அவள் தினமும் பூசும் அதே கொழுப்பு. தையல் அவள் தொழில். இந்தத் தையலைக் கவனிக்காமல் எத்தனை முறை காலுறையைக் கணவனின் காலில் மாட்டிவிட்டோம் என்று நினைத்தபோது, வைத்தியரைவிடத் தன்மேல்தான் கோபம் வந்தது.

கணவன் மெல்லக் கையை நீட்டினான். "அந்த மாத்திரையைக் குடு."

மரப்பாதம் இப்போது கடை வாசலில் நிற்கிறது. மாடி வைத்தியர் எங்கே போனார் என்று இன்னமும் கேட்டு வருகிறவர்களுக்கு அதைக் காட்டுகிறாள்.

"இதுக்குத் தலை கிடையாது, அதனால மாடி ஏறிடுச்சு. உங்களுக்கு இருக்கே."