அப்பா இறந்த கதை

அப்பாவைக் கொல்ல வேண்டும் என்று கடைக்குட்டி திட்டமிடவில்லை. வகுப்பில் கதை வாசிக்க வேண்டிய முறை வந்துவிட்டது, கையில் கதை இல்லை, அப்பா இருந்தார்.

ஆங்கில இலக்கியமும் படைப்பெழுத்தும் பயிலும் அந்த வகுப்பில், அதுவரை அவள் எழுதிய கதைகளைப் பேராசிரியர் ஒரே கேள்வியால் வீழ்த்தியிருந்தார்: "நல்லா இருக்கும்மா. ஆனா காயம் எங்கே?" அதனாலேயே அவருக்குக் காயம் சார் என்று பெயர். கடைக்குட்டியின் துரதிர்ஷ்டம், அவளிடம் காயமே இல்லை. அவள் அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சாப்பிட்டாயா என்று மதியம் தவறாமல் போன் செய்பவர். அப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு எவளால் இலக்கியம் படைக்க முடியும்? ஆகவே இரண்டாம் பக்கத்திலேயே அவருக்கு மாரடைப்பை வரவழைத்தாள்.

வகுப்பு உறைந்துபோயிற்று. அங்கே ஒரு விதி உண்டு: மற்றவர்கள் விவாதிக்கையில் கதையை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது, பிரதிதான் பேச வேண்டும். 'இது கற்பனை' என்று அவள் சொல்வதற்குள், அது அவளுடைய சொந்தத் துயரம் என்று பிரதி பேசி முடித்திருந்தது.

வகுப்பு கலைந்ததும் பேராசிரியரிடம் ஓடினாள்.

"சார், எங்க அப்பா சாகல. நல்லாத்தான் இருக்கார்."

காயம் சாரின் கண்கள் கலங்கின. "இருப்பாரும்மா. உன் எழுத்துல எப்பவும் இருப்பார்."

"இல்ல சார், வீட்டுலயே இருக்கார்!"

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. முப்பது வருஷம் முன்னாடி எங்க அப்பா போனதை எழுதின பிறகுதான் நான் ஆளானேன். ஆண்டு விழாவுல இந்தக் கதையை நீ வாசிக்கிற. மேல்வகுப்புல இருக்கிற ஒரே இடமும் உனக்குத்தான்."

கல்லூரியில் சேர்ந்த நாள்முதல் அவள் கனவு கண்ட இடம் அது. இம்முறை எந்த விதியும் இல்லாமலே அவள் வாய் மூடிக்கொண்டது.

விழா அழைப்பு நேராக வீட்டுக்குப் போய்விட்டது. விழா ரத்தாகிவிட்டது என்று அப்பாவிடம் புளுகினாள். அவர் உடனே கல்லூரிக்குப் போன் போட்டார்.

"நடக்குதாம்டி! உனக்குத்தான் யாரும் சரியாச் சொல்லல."

"எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும்ப்பா. உங்களுக்குப் போரடிக்கும்."

"அதுக்கென்ன? நான் உன்னைப் பாக்கத்தானே வர்றேன்."

வேறு வழியின்றி, அரங்க வாசலில் உண்மையைப் போட்டு உடைத்தாள்.

"எப்படிச் செத்தேன்?"

"மாரடைப்பு."

"வண்டி ஓட்டும்போதா?"

"இல்லப்பா. சாப்பிடும்போது."

"அப்பாடா, தொழில் பேரு கெடல." அவர் புதுச்சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டார். "சரி, இப்ப நான் யாரு?"

"சித்தப்பா. சார்கிட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

"அந்த இடம் கிடைச்சா உனக்குச் சந்தோஷமா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப போ. சித்தப்பா பலமாக் கைதட்டுறேன்."

அதற்குள் காயம் சார் வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டார். "அண்ணன் இடத்துல இருந்து பாத்துக்கறீங்க. பெரிய மனசு."

"அண்ணன் தங்கமான மனுஷன் சார்," என்றார் அப்பா, துளியும் கூச்சமின்றி. "அவரை மாதிரி ஓட்டச் சொல்லிக்குடுக்க இனி ஆள் கிடையாது."

உறவினர்களுக்குக் கடைசி வரிசை. மேடையில் கடைக்குட்டி வாசித்தாள். இரண்டாம் பக்கம் வந்தபோது அரங்கமே விசும்பியது; எல்லோரிலும் உரக்க அழுதவர் இறந்தவர்தான். அதைப் பார்த்ததும் அவள் ஒரே வரியை இரண்டு முறை வாசித்தாள். அந்தத் தடுமாற்றத்தை வாசிப்பின் உச்சம் என்று காயம் சார் பாராட்டி, இடம் அவளுக்கே என்று மேடையிலேயே அறிவித்தார்.

கைதட்டல் ஓயும்முன் அவள் கடைசி வரிசைக்கு ஓடி அவர் தோளில் விழுந்தாள்.

"அப்பா, என்னை மன்னிச்சிடுங்கப்பா!"

சொன்ன பிறகுதான், பக்கத்து நாற்காலியில் கைத்தடியை ஊன்றியபடி ஒரு முதியவர் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தாள். அவர் அவளையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குட்டி கைகூப்பினாள். "ஐயா, தயவுபண்ணி சார்கிட்ட சொல்லிடாதீங்க. என் இடம் போயிடும்."

"நான் ஏம்மா சொல்லப்போறேன்?" என்றார் முதியவர். "முப்பது வருஷமா நானே உங்க சாருக்குப் பெரியப்பாவாத்தான் இருக்கேன்."