தேய்மானம் போக மிச்சம்

ஒரு பொருளின் விலையை விற்கிறவனும் வாங்குகிறவனும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்வது நாகரிகமான காரியமல்ல. இருவருக்கும் அந்தப் பொருளைப் பற்றித் தெரிந்திருப்பதால் முடிவு ஒருதலைப்பட்சமாகிவிடும். அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத மூன்றாவது ஆள் ஒருவர், கையில் படிவத்தோடு வேண்டும். இந்த உண்மை குருபரப்பள்ளி ஷேக் தாவூதுக்கு ஐம்பத்தாறு வயதுவரை தெரியாமலே இருந்தது.

நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டுப் பழைய சைக்கிள் சாமான் விற்றுக்கொண்டிருந்தார். ஃப்ரீவீலைக் காதருகே வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார். உள்ளே பல் தேய்ந்திருக்கிறதா, குண்டு உடைந்திருக்கிறதா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். மட்கார்டைச் சுண்டுவார், தோல் சீட்டை முகர்ந்து பார்ப்பார். மாதம் ஒரு முறை பெங்களூரிலிருந்து ஹரீஷ்குமார் வருவான். அவன் காப்பிக் கடைச் சுவரெல்லாம் சைக்கிள் சாமான்தான். துருப்பிடித்த செயின் கவருக்குக் கீழே உட்கார்ந்தால்தான் அவனுடைய வாடிக்கையாளர்களுக்குக் காப்பி தொண்டையில் இறங்கும். தாவூத் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த ஒருவனால்தான்.

அப்படியிருக்கையில் சாலையை அகலப்படுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. ஓரக் கடைகள் போயாக வேண்டும். ஆனால் உண்மையான வியாபாரிகளுக்குப் புது வளாகத்தில் ஆளுக்கொரு கடை உண்டு. கடைச் சரக்கின் மதிப்பு பத்தாயிரத்துக்கு மேல் இருந்தால் உண்மையான வியாபாரி. குறைந்தால் குப்பை சேகரிப்பவர். குப்பை சேகரிப்பவர்களுக்குக் கடை கிடையாது, அரசின் நன்றி மட்டும் உண்டு.

மதிப்பிட வந்த அலுவலர் சென்னகிருஷ்ணன் நல்ல மனிதர். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த மணி ஒன்றைக் காட்டி வயது கேட்டார். தாவூத் பெருமையோடு அறுபது வருஷம் என்றார்.

"புது மணி இருநூறு ரூபா. வருஷத்துக்குப் பத்து சதவீதம் தேய்மானம். அறுபது வருஷத்துக்கு அறுநூறு சதவீதம்" என்று அலுவலர் கணக்குப் போட்டார். "மைனஸ் ஆயிரம்."

"மைனஸுன்னா என்னங்க சார்?"

"இந்த மணியால உங்க கடைக்கு ஆயிரம் ரூபா நட்டம், பாய்."

"அது பாட்டுக்குச் சும்மாதானே சார் தொங்குது?"

"சும்மா தொங்கறதாலதான் இதோட நிக்குது."

"அப்ப தூக்கி ரோட்டுல எறிஞ்சுட்டா?"

"ஆயிரம் ரூபா லாபம்" என்றார் அலுவலர். அரசாங்கத்தில் எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை.

சாயங்காலத்துக்குள் கடையின் மதிப்பு மைனஸ் நான்கு லட்சத்தைத் தொட்டது. கூட்டலில் சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான்: அலுவலர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி. அது போன வாரம் ஓசூரில் வாங்கியது.

தாவூதுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கடை போனால் இந்த வயதில் எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது என்று பயந்துவிட்டார். அவர் மனைவி காத்தூன்தான் யோசனை சொன்னாள். "ஏங்க, அவரு வயசைத்தானே கேக்கறாரு? பொண்ணு பாக்க வந்தப்ப எங்க அத்தாகிட்ட உங்க வயசை எப்படிச் சொன்னீங்களோ, அப்படியே சொல்லுங்க."

மேல்முறையீடு போட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் நான்கு நாள் மண்ணெண்ணெயும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் கடை ஜொலித்தது. மறுபடி வந்த சென்னகிருஷ்ணன் ஒரு செயின் கவரில் முகம் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டார். எந்த வருஷத்துச் சாமான் என்று கேட்டதற்குப் போன மாதம் செய்தது என்றார் தாவூத். அலுவலர் ஆதாரம் கேட்டார். தாவூத் மினுமினுப்பைக் காட்டினார். மேற்படி சாமான்கள் யாவும் புத்தம் புதியவை, மதிப்பு எண்பத்திரண்டாயிரம் என்று வட்ட முத்திரையோடு சான்றிதழ் வந்தது. பதினான்காம் எண் கடைக்கான ஆணை கையெழுத்துக்குப் போய்விட்டதாகவும் சொன்னார்கள். காத்தூன் பாயசம் வைத்தாள்.

பாயசம் ஆறுவதற்குள் ஹரீஷ்குமார் வந்தான். எழவு வீட்டுக்குள் நுழைந்தவன் போல வாசலிலேயே நின்றுவிட்டான்.

"பாய், துரு எங்கே?"

"தேய்ச்சு எடுத்துட்டேன் தம்பி. கண்ணாடி கணக்கா இருக்கு, பாரு."

"அந்தத் துருவுக்குத்தான் பாய் நான் காசு கொடுத்தேன். இரும்பை நீங்கதான் கூடவே போட்டுக் கொடுத்தீங்க."

சுவரில் மாட்டியிருந்த சான்றிதழையும் படித்துவிட்டு வெறுங்கையோடு போனான். இத்தனை வருஷமும் துருவைத் தலையில் கட்டி இவனை ஏமாற்றுகிறோம் என்றல்லவா தாவூத் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்!

மறுநாளே கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினார். சொன்னது பொய், எல்லாம் பழசுதான், பழசென்றே எழுதிக் கொடுங்கள் என்று மன்றாடினார். அரசாங்கம் ஒரு முறை புதுசு என்று சொன்னதைத் தானே பழசு என்று மாற்றிச் சொல்லாது, அதுவாகப் பழசாக வேண்டும் என்றார் சென்னகிருஷ்ணன்.

"அதுக்கு இன்னும் அறுபது வருஷம் ஆகுமே சார்."

அலுவலருக்கு மனசு இளகிவிட்டது. "மறுமதிப்பீடுன்னு ஒரு மனு போட்டுட்டு, சாமானை ஆபீஸ்ல ஒப்படைச்சுட்டுப் போங்க பாய். அப்புறம் நாங்க பாத்துக்கறோம்."

ஏழு மூட்டைகளும் பதிவறைக்குள் போயின. ஒரே ஒரு மழைக்காலம்தான். கூரை ஒழுகியது, எலி சீட்டைக் கடித்தது, யாரோ டீயைக் கொட்டினார்கள், யாரும் துடைக்கவில்லை. எட்டு மாதம் கழித்து மூட்டையை அவிழ்த்தபோது, அறுபது வருஷ வெயிலும் மழையும் செய்யாததை அலுவலகம் செய்து முடித்திருந்தது. தகவல் போய் ஓடிவந்த ஹரீஷ்குமார் அந்தத் துருவைத் தொடவே கூச்சப்பட்டான். ஏழு மூட்டையையும் சொன்ன விலைக்கு எடுத்துக்கொண்டான்.

மூட்டைகளோடு கடை ஆணையும் கைக்கு வந்திருந்தது. அதுவும் அதே அறையில்தான் கிடந்தது: பழுத்த காகிதம், குண்டூசித் துரு, எலி கடித்த மூலை, நாலு முத்திரை. அதற்கு என்ன விலை என்று கேட்டான் ஹரீஷ்குமார். தாவூத் யோசித்தார். சாலை வேலை ஓரடிகூட நகரவில்லை. புது வளாகம் திறக்கும் என்று சொல்பவனை ஊரே பார்த்துச் சிரித்தது. எட்டாயிரத்துக்குக் கொடுத்துவிட்டார்.

செய்தி சாலை நெடுகப் பரவியது. மற்ற இருபத்திரண்டு கடைக்காரர்களுக்கும் ஆணை வராமலே கிடந்தது. தாமதத்துக்காக அதுவரை அலுவலகத்தை வாயார வைதவர்கள், டீக்கடை நாகம்மா தலைமையில் திரண்டு போய் மனுக் கொடுத்தார்கள். எங்கள் ஆணைகளை அவசரப்பட்டுக் கொடுத்துவிட வேண்டாம், இன்னும் இரண்டு வருஷமாவது உள்ளேயே வைத்திருந்து உதவ வேண்டும் என்பது கோரிக்கை.

அலுவலகத்தின் மனம் புண்பட்டுவிட்டது. தாமதம் செய்வார்கள் என்று நம்பி ஒருவர் மனுப் போடும் நிலைக்கா வந்துவிட்டோம் என்று எல்லோரும் வருந்தினார்கள். அன்று மாலையே இருபத்திரண்டு ஆணைகளும் வெள்ளை வெளேரென்று வீடு தேடி வந்தன. வளாகம் கட்டி முடிந்து ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்திருக்கிறது. காணாமல் போயிருந்த சாவியும் கிடைத்தது. திங்கட்கிழமை ஜேசிபி வந்து கொட்டகைகளை ஒரே வாரில் வாரியது.

பதினான்காம் எண் கடையின் முன்னால் போய் நின்ற தாவூதிடம் ஆணையின் அசலைக் கேட்டார்கள். நகலுக்கு மனுப் போட்டால் பதிவறையில் தேடித் தருவதாகவும் சொன்னார்கள். பதிவறை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் பெங்களூர் பஸ்ஸைப் பிடித்தார்.

காப்பிக் கடையில் நடுச்சுவரில், தேக்குச் சட்டத்துக்குள், விளக்கு வெளிச்சத்தில் அவருடைய கடை இருந்தது. ஹரீஷ்குமார் மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி கொடுத்தான். "தாராளமா எடுத்துக்கங்க பாய். ஆனா இப்ப இன்னும் கொஞ்சம் பழுத்துடுச்சு. நாப்பதாயிரம் ஆகும்."

தாவூத் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். மூலையில் எலி கடித்த அழகையும், குண்டூசியிலிருந்து துரு இறங்கியிருந்த விதத்தையும் நிதானமாகப் பார்த்தார். தொழிலில் அவர் பொய் சொன்னதில்லை, அந்த ஒரு தடவையைத் தவிர. கேட்ட விலை நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது.