அடுத்த கோளாறு

“ஆன் ஆகலையாம்,” என்றாள் பி-யுன், கஞ்சியைக் கலக்கிக்கொண்டே.

சின்-ஃபா சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போடுவதை நிறுத்தினார். “எது?”

“கம்ப்யூட்டர்தான். நேத்து சாயங்காலம் நாம எரிச்சது. கனவுல வந்து சொன்னான். அழுத்தி அழுத்தி விரலே வலிக்குதாம்.”

மகன் சுங்-யென் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மழையில் ஸ்கூட்டர் சறுக்கியது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. உயிரோடு இருந்தபோது அவன் கேட்டது ஒன்றுதான். பாகம் பாகமாக வாங்கித் தானே சேர்த்து, விளையாடுவதற்கென்று ஒரு கணினி. “முதல்ல வேலை கிடைக்கட்டும்” என்று சொன்னவர் சின்-ஃபா. வேலை கிடைக்கவில்லை. கணினியும் கிடைக்கவில்லை. கடைசியில் காகிதத்தில் ஒன்று செய்யச் சொல்லி, கோயில் உலையில் எரித்து அனுப்பிவைத்தார். தைப்பேயில் இறந்தவர்களுக்கு வீடும் காரும் அந்த வழியாகத்தான் போகின்றன.

“வேற எதாவது சொன்னானா? என்னைக் கேட்டானா?”

“இல்ல. கம்ப்யூட்டரைப் பத்தி மட்டும்தான்.”

“எங்கிட்டயே வந்து சொல்லியிருக்கலாமே.”

“வேண்டாம்னு சொன்னவர்கிட்ட எப்படி வருவான்?”

சொல்லிவிட்டு அவள் கஞ்சியைக் குடித்தாள். கிண்ணம் காலியானது. இரண்டு மாதத்தில் அவள் ஒரு கிண்ணத்தைக் காலி செய்து அவர் பார்த்ததில்லை. அதை அவர் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பையன் அங்கே விரல் வலியோடு உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் மனதில் நின்றது.

அன்று பேருந்தை ஓட்டி முடித்ததும் நேராகக் காகிதக் கடை லாயிடம் போனார்.

“அண்ணே, உள்ள என்ன வச்சீங்க?”

“எதுக்குள்ள?”

“கம்ப்யூட்டருக்குள்ள.”

“காத்து.” லாய் பசைக்கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இத்தனை வருஷமா கார் செஞ்சு தர்றேன். இன்ஜின் இல்லைன்னு ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல.”

“எங்க பையன் வந்துட்டானே.”

லாய் இப்போது தலையைத் தூக்கினார். தொழிலில் இப்படி ஒரு புகார் அவருக்குப் புதிது. கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்திருக்கலாம். “என்னென்ன பாகம், எது எங்க உட்காரணும்னு கேட்டுட்டு வா. அட்டையும் ஜிகினாத்தாளும் எங்கிட்ட நிறைய இருக்கு.”

குவாங்ஹுவா கட்டடத்தின் மூன்றாவது மாடியில், உதிரிபாகக் கடைகளில் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுத்தார் சின்-ஃபா. பெரிய கடைகளில் கேள்வி கேட்க அவருக்குப் பயம். கடையில் இருந்த இளைஞன் பெயர் ஆ-தே.

“வாங்க பெரியப்பா. யாருக்கு?”

“பையனுக்கு. முதல் தடவையா அவனே சேர்க்கிறான்.”

“இப்ப என்ன இருக்கு?”

“பெட்டி இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல.”

“அப்ப எல்லாமே வாங்கணும். பையனைக் கூட்டிட்டு வாங்களேன். அவனுக்குத் தெரியும்ல.”

“அவன் வெளியூர்ல இருக்கான்.”

“தெற்கயா?”

“மேற்க.” இறந்தவர்கள் போகும் திசை அதுதான்.

“சீனாவா?”

“இன்னும் கொஞ்சம் தள்ளி.”

ஆ-தே மேற்கொண்டு துருவவில்லை. பிராசஸர், மதர்போர்டு, மெமரி, பவர் சப்ளை என்று ஒவ்வொரு டப்பாவாக மேசையில் அடுக்கினான். சின்-ஃபா கைபேசியை எடுத்து, ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் படம் பிடித்தார். பிறகு நன்றி சொல்லிவிட்டு, எதையும் வாங்காமல் கிளம்பினார். ஆ-தே அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

லாய் உற்சாகமாகிவிட்டார். பிராசஸருக்கு அடியில் ஊசி முனையால் புள்ளி புள்ளியாகக் குத்தி வைத்தார். மதர்போர்டின் படங்கள் மங்கலாக விழுந்திருந்ததால், அவருடைய மருமகன் வீட்டுப் பரணில் கிடந்த பழைய ஒன்றைப் பார்த்துச் செய்தார். வேலை முடியும்வரை, ஆ-தேயின் கடையையும் அந்தப் பழைய போர்டையும் பற்றி சின்-ஃபா தினமும் பி-யுன்னிடம் சொன்னார். எரித்தார்கள்.

மறுநாள் காலை பி-யுன் தலை வாரியிருந்தாள்.

“பிராசஸர் மதர்போர்டுல உட்காரலையாம். அது பழைய தலைமுறையாம், இது புதுசாம். சாக்கெட் வேறயாம்.”

சின்-ஃபா அவளை நிமிர்ந்து பார்த்தார். பி-யுன்னுக்கு டிவி ரிமோட்டில் பேட்டரி மாற்றத் தெரியாது. சாக்கெட், தலைமுறை என்றெல்லாம் அவள் வாயில் வருகிறது என்றால், அது அவன்தான். சந்தேகமே இல்லை. அதுவரை எல்லாம் ஒரு ஆறுதலுக்கு என்றுதான் நினைத்திருந்தார். அன்றிலிருந்து முழுதாக நம்பினார்.

“ஆமா பெரியப்பா, பொருந்தாது,” என்றான் ஆ-தே. “யாரு அந்த போர்டை வித்தது? அவனைச் செருப்பால அடிக்கணும்.”

“தெரிஞ்சவர்தான். நல்ல மனுஷன்.”

“நல்ல மனுஷனுங்கதான் இப்படி ஏமாத்துவானுங்க.”

சரியான போர்டு போனது. இப்போது ஆன் ஆனது, ஆனால் விளையாட்டு நின்று நின்று ஓடியது. கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. இந்தத் தடவை குறையே வரக்கூடாது என்று சின்-ஃபா கடையிலேயே பெரிய கார்டைப் படம் பிடித்தார். லாய் அதற்கு மூன்று விசிறிகள் வைத்து, மூன்றும் சுற்றும்படி குண்டூசி போட்டார்.

“பெட்டிக்குள்ள போகலையாம்,” என்றாள் பி-யுன். “நீளமாம். மூடி திறந்தே கிடக்காம்.”

பெரிய பெட்டி போனது.

“விளையாடிட்டு இருக்கும்போதே பட்டுனு அணைஞ்சுடுதாம். பவர் சப்ளைக்கு வாட் பத்தலையாம்.”

இதற்கு சின்-ஃபா கொஞ்சம் தயங்கினார். மகனின் படத்துக்கு முன்னால் நின்று, குறி கேட்கும் பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டைத் தரையில் போட்டுக் கேட்டார். “பவர் சப்ளை போதலையா?” இரண்டும் தட்டையான பக்கம் மேலே தெரிய விழுந்தன. அப்படி விழுந்தால், இறந்தவர் சிரிக்கிறார் என்று அர்த்தம். மறுபடி போட்டார். மறுபடியும் சிரிப்பு.

“சிரிக்கிறான்,” என்றார்.

“நீங்க கேட்கிற கேள்வி அப்படி,” என்றாள் பி-யுன். “நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க.”

ஆ-தே இப்போது அவரைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போடுவான்.

“பார்சல் அனுப்புறீங்களே, போய்ச் சேர எத்தனை நாள் ஆகுது?”

“உடனே போயிடும்.”

“உடனேவா? எந்த கூரியர்?”

“கோயில் பக்கத்துல.”

“நம்பர் குடுங்க பெரியப்பா. நாங்க அனுப்புறது பக்கத்து ஊருக்கே ஒரு வாரம் ஆகுது.” பிறகு அவனுக்கே ஏதோ தோன்றியிருக்க வேண்டும். “ஆமா, இத்தனை தடவை தப்பாப் போச்சே, பையன் திட்டலையா?”

“எங்கிட்ட பேசுறதில்ல. அவங்க அம்மாகிட்டதான்.”

“எங்க வீட்லயும் அப்படித்தான்,” என்றான் ஆ-தே.

பெரிய பவர் சப்ளை போன பிறகு, ஒரு காலை பி-யுன் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டுச் சொன்னாள். “நேத்து உங்க அப்பாவும் கூட வந்தாரு.”

“எங்க அப்பாவா!”

“காதைப் பொத்திட்டு நிக்கிறாரு. விசிறிச் சத்தம் தாங்கலையாம். உயிரோட இருந்தப்ப உன் புருஷன் தூங்க விடல, செத்த பிறகு பேரன் தூங்க விடலங்கிறாரு.”

அவர் அப்பா அப்படித்தான் பேசுவார். சின்-ஃபாவால் மறுக்க முடியவில்லை.

“தண்ணியில குளிர வைக்கிற மாதிரி ஒண்ணு இருக்காம். அது சத்தம் போடாதாம்,” என்றாள் பி-யுன்.

லாய் முதல் முறையாகக் கத்தரியைக் கீழே வைத்தார். “தண்ணியை நான் எப்படிடா எரிக்கிறது?”

“குழாய் மட்டும் செய்யுங்க அண்ணே.”

“குழாய் மட்டும் போனா நாளைக்கு உள்ள தண்ணி இல்லைன்னு வருவான். உன் பையனை எனக்குத் தெரியாதா?” லாய் நீல நிறத் தாளை மெல்லிய இழைகளாக நறுக்கிக் குழாய்க்குள் திணித்தார். செய்யும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டார். சுங்-யென் சின்னப் பையனாக இருக்கும்போது இந்தக் கடை வாசலில்தான் சைக்கிள் பழகினான்.

தண்ணீர் ஒழுகியது. ஒழுகித்தான் ஆக வேண்டும் என்று சின்-ஃபாவுக்கே தோன்றியிருந்தது.

இதற்குள் வீடு ஒரு மாதிரி நடக்க ஆரம்பித்திருந்தது. பி-யுன் கடைத்தெருவுக்குப் போனாள். மகனுக்குப் பிடித்த தேயிலை முட்டைகளை, காய்ந்த ஆரஞ்சுத் தோல் போட்டு, வாராவாரம் பானை நிறைய வேக வைத்தாள். யாரும் வீட்டில் சாப்பிடவில்லை, ஆனால் பானை எப்படியோ காலியாகிவிடும். பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கிறாள் போலிருக்கிறது என்று சின்-ஃபா நினைத்துக்கொண்டார்.

ஆனால் இரவில் அவர் விழிக்கும்போதெல்லாம் அவளும் விழித்திருந்தாள், கூரையைப் பார்த்தபடி. பையன் இவளைத் தூங்க விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறான் என்று அவருக்குப் பட்டது. ஒரே ஒரு முறை அந்தக் கணினி ஒழுங்காக ஓடிவிட்டால் போதும். அவன் திரையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். அம்மாவை மறந்துவிடுவான், உயிரோடு இருந்தபோது கைபேசியில் மூழ்கி மறந்த மாதிரியே. இவளும் தூங்கிவிடுவாள்.

“இன்னைக்கு நான் ஒண்ணும் வாங்க வரல,” என்றார் ஆ-தேயிடம்.

“நீங்க என்னைக்குப் பெரியப்பா வாங்குனீங்க?”

“முழு கம்ப்யூட்டரையும் நீயே சொல்லு. முதல்லேர்ந்து. எதுவும் எதோடயும் இடிக்கக்கூடாது, சூடாகக்கூடாது, சத்தம் போடக்கூடாது, ஒழுகக்கூடாது. கெட்டுப்போகவே கூடாது.”

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்று ஆ-தேயை நிமிர்ந்து உட்கார வைத்தது. வந்த வாடிக்கையாளர்களை அப்புறம் வரச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பாகமாக எடுத்து வைத்து, அளந்து, ஒன்றோடு ஒன்று பொருத்திக் காட்டினான். தன் கடையில் இல்லாத ஒரு சின்ன விசிறியை எதிர்க்கடையில் போய்க் கடன் வாங்கிக்கொண்டு வந்தான். எல்லாவற்றையும் மேசைமேலேயே சேர்த்து, மின்சாரம் கொடுத்தான். சின்ன விளக்கு எரிந்தது. விசிறி சத்தமில்லாமல் சுற்றியது.

“இதுதான் பெரியப்பா. இதுல இனிமே குறை சொல்ல முடியாது. உங்க பையன் என்ன, யார் வந்தாலும் முடியாது.”

சின்-ஃபா எல்லாப் பக்கமும் படம் பிடித்தார். கடைசிப் படம் ஆடிப்போனது, இன்னொன்று எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். லாய் இரண்டு நாளில் செய்துவிடுவார். அத்தோடு முடிந்தது.

“உட்காருங்க. சாப்பிட்டுப் போங்க.” ஆ-தே மேசைக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து, அதிலிருந்து ஒரு முட்டையை உரித்து நீட்டினான். “எனக்குத் தின்னு மாளல.”

சின்-ஃபா கடித்தார். தேயிலை, சோயா. பிறகு மெதுவாக, நாக்கின் பின்பக்கத்தில், காய்ந்த ஆரஞ்சுத் தோல்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். “இது யார் கொடுத்தது?”

“ஒரு பெரியம்மா, அவங்க பையனும் வெளியூராம்,” என்றான் ஆ-தே, விசிறியைக் கழற்றிக்கொண்டே. “வாராவாரம் முட்டையோட வந்து, வீட்லயே சேர்த்த கம்ப்யூட்டர்ல அடுத்து என்ன கோளாறு வரலாம்னு கேட்டுட்டுப் போவாங்க, இனி வர்றதுக்கு ஒண்ணுமே பாக்கி இல்ல பெரியம்மான்னு நேத்து சொன்னேன், இதோ நீங்க இருக்கிற நாற்காலியில உட்கார்ந்து அப்படி அழுதாங்க.”