எல்லாம் வாயு

வாயு நிபுணர் என்றோர் இனம் உண்டு. படிப்பு வேண்டாம், கருவி வேண்டாம். உடம்பில் எங்கே என்ன வலித்தாலும் காரணம் காற்றுதான் என்று அடித்துச் சொல்லும் தொண்டை இருந்தால் போதும். தலைவலியா? வாயு. முழங்கால் பிடிப்பா? கீழே இறங்கிய வாயு. ஆளே போய்ச் சேர்ந்துவிட்டாலும், "வாயு நெஞ்சை அடைச்சிருக்கு" என்று இழவு வீட்டு வாசலில் நின்று தீர்ப்பெழுதுவார்.

இந்த இனத்தில் ஒருவர், இதய அறுவை முடிந்து பொதுப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்த தங்கை கணவரைப் பார்க்க வந்தார். நோயாளி பேருந்து ஓட்டுநர். இருக்கைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே வயிறு சிக்கிக்கொள்ளும் அளவுக்குப் பருத்த உடம்பு. "எடை கூடினவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் இதயத்துடிப்பு தாறுமாறா ஆக வாய்ப்பு கொஞ்சம் அதிகம். படபடப்பு வந்தா உடனே கூப்பிடுங்க" என்று டாக்டர் காலையில்தான் எச்சரித்திருந்தார். தங்கை அதைச் சொன்னாள்.

நிபுணர் சிரித்தார். "எடையா? மாப்பிள்ளைக்கு அது கொழுப்பில்லைம்மா, காத்து."

நூற்றுப் பத்து கிலோவும் காற்றென்றால் மனிதர் கூரையில் அல்லவா ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்? தங்கை கேட்கவில்லை. அண்ணனை எதிர்த்துக் கேட்கக் கூடாது என்றே அவளை வளர்த்திருந்தார்கள். வீடுகளில் பாதி நோய் அந்த வளர்ப்பில்தான் இருக்கிறது.

அப்போது ஓட்டுநர் நெஞ்சில் கை வைத்தார். "உள்ள என்னமோ... கன்னாபின்னான்னு அடிக்குது."

"ஒரு ஏப்பம் விடுங்க மாப்பிள்ளை."

அவர் முயன்றார். வரவில்லை. வியர்வைதான் வந்தது. தங்கையின் கை, கட்டில் ஓரத்தில் ஒயரோடு கிடந்த அழைப்பு மணியைத் தேடியது. அண்ணன் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, எந்திரிங்க."

"பதறாதே. முதுகுல நாலு தட்டு தட்டினா..."

"தையல் போட்ட உடம்பு. அவரைத் தட்டினா நான் உங்களைத் தட்டுவேன். எந்திரிங்க."

பிறந்ததிலிருந்து அண்ணனுக்கு அவள் இட்ட முதல் கட்டளை. எழுந்துவிட்டார். மணி ஒலித்தது. நாடி பிடித்த நர்சின் முகம் மாறியது; ஒயர்கள் ஒட்டினார்கள், டாக்டர் ஓடிவந்தார், ஊசி ஏறியது, திரையில் கோணல்மாணலாய்த் துள்ளிய கோடு மாலைக்குள் ஒழுங்குக்கு வந்தது. "நல்லவேளை, உடனே கூப்பிட்டீங்க" என்றார் டாக்டர்.

நிபுணர் வெட்கப்பட்டிருப்பார் என்கிறீர்களா? அந்த உறுப்பு இந்த இனத்துக்குக் கிடையாது. வராந்தாவில் வேறொரு நோயாளியின் மகனைப் பிடித்து விளக்கிக்கொண்டிருந்தார்: "ஊசி போட்டதும் காத்து கலைஞ்சிடுச்சு, பார்த்தீங்களா?"

சிரிக்கிறீர்கள். நல்லது. கடைசியாக உங்கள் வீட்டில் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தபோது, கைப்பேசியிலிருந்து தலை நிமிராமலே நீங்கள் என்ன சொன்னீர்கள்?